விடுதலைப் பத்திரத்துல மட்டும் பேரு இருந்த எங்க பெரிய அத்தை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இது கொஞ்சம் நீளமான லெட்டர், முழுசா போட முடியலைன்னா பாதியாவது போடுங்க ஐயா. நான் ரிட்டயர்ட் டீச்சர், பிறந்த ஊரு தூத்துக்குடி மாவட்டத்துல செம்மணல் தேரிக்காட்டு ஓரம், பனையும் முருங்கையும் கொஞ்சம் வாழையும் வச்சுப் பிழைச்ச குடும்பம், ஊரே கிறிஸ்தவக் கோயில் மணிக்கு எந்திரிச்சு கோயில் மணிக்கு படுக்குற ஊரு. இந்த வருஷம் அசனப் பண்டிகைக்கு, அதாவது கோயில்ல எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற பண்டிகைக்கு, சொந்தக்காரங்க எல்லாரும் ஊர்ல கூடினோம். எங்க தம்பி மகன் சென்னையில வேலை பாக்குறான், அவன் பத்தடி நீளத்துல ஒரு ஃபிளெக்ஸ் அடிச்சுக் கொண்டாந்து கோயில் காம்பவுண்டு பக்கத்துல கட்டியிருந்தான், "எங்கள் குடும்ப வம்சாவளி"ன்னு தலைப்பு, ஒரு பெரிய பனைமரம் படம், அடியில எங்க பூட்டன் பேரு, மேல மேல தாத்தா, அவரோட தம்பிமாரு, அவங்க பிள்ளைங்கன்னு அஞ்சு தலைமுறை. எல்லாரும் முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க, நானும் போய் நின்னேன், என் பேரைத் தேடினேன், இல்ல. எங்க அக்கா பேரு இல்ல. அம்மா பேரு இல்ல. மொத்தம் எண்ணிப் பார்த்தேன், 71 பேரு, அதுல ஒரு பொம்பளை பேரு கூட இல்ல.

அந்தப் பையன் மேல எனக்கு கோபம் இல்ல, அவன் எட்டு மாசம் லீவு நாள்ல எல்லாம் அலைஞ்சு செஞ்சது அது, போன் போட்டு போட்டு ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டிருக்கான். நான் கேட்டேன், ஏன்டா மக்கா நாங்கல்லாம் எங்கடான்னு. "அத்தே, பொம்பளைங்க வேற குடும்பத்துக்கு போயிடுறாங்கல்லா, எல்லா வீட்டுலயும் வம்சாவளி இப்படித்தான் போடுதாங்க"ன்னான். அவன் சொன்னது உண்மைதான். கல்யாண வீடுகள்லயும் நூற்றாண்டு விழா மலர்லயும் நான் பார்த்த வம்சாவளி எல்லாம் அப்படித்தான் இருக்கு, அப்பா, மகன், பேரன், அவ்வளவுதான். ஆனா எங்க மாதிரி கோயிலுக்குப் போற விவசாயக் குடும்பத்துக்கு பொண்ணுங்க பேரு தெரியாம இருக்க ஒரு காரணமும் கிடையாது, ஏன்னா நம்ம சபை பதிவேட்டுல பிறந்த ஒவ்வொரு பிள்ளை பேரும், அது ஆணோ பொண்ணோ, தாய் பேரோட சேர்த்து எழுதியிருக்கு. அதை யாரும் திறந்து பாக்குறதில்ல, அதான் விஷயம். அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

பண்டிகை முடிஞ்சு எல்லாரும் பஸ் ஏறினப்புறம் நான் ஒரு வாரம் ஊர்லயே தங்கிட்டேன். எங்க அப்பா கூடப் பிறந்தவங்கள்ல இப்ப இருக்கிறது கடைசி அத்தை மட்டும்தான், வயசு 91. அவங்க கிட்ட உக்காந்து எல்லார் பேரையும் கேட்டு எழுதினேன். எங்க தாத்தாவுக்கு மூணு பொண்ணு, ரெண்டு பையன். மூத்த அத்தை பேரு என்னன்னு கேட்டப்ப அத்தை ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "எனக்கு அவ பெரியக்காதான்டி, எங்கம்மை அவளை ராசாத்தின்னுதான் கூப்பிடுவாவ, நான் கைப்பிள்ளையா இருக்கும்போதே கட்டிக் குடுத்தாச்சு, வேற பேரு இருந்திருக்கும், எனக்கு வரமாட்டேங்கு"ன்னு சொல்லிட்டு அழுதுட்டாங்க. கூடப் பிறந்தவளோட பேரு தெரியாம 91 வயசு வரைக்கும் இருந்திருக்கோமேன்னு அவங்களுக்கு அன்னைக்குத்தான் உறைச்சிருக்கு.

அப்புறம் தம்பி வீட்டு இரும்புப் பெட்டியில இருந்த பத்திரங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். அதுல 1951-ல எழுதின ஒரு விடுதலைப் பத்திரம் இருந்தது. கிறிஸ்தவங்களுக்கு வாரிசுரிமை இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, அந்த 1925 சட்டத்துல உயில் இல்லாம அப்பா இறந்தா மகனுக்கும் மகளுக்கும் சமபங்குதான், இது நிறைய பேருக்கு இன்னைக்கும் தெரியாது. அதனாலதான் தாத்தா இறந்ததும் பொண்ணுங்க மூணு பேரையும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு கூட்டிட்டுப் போய் எங்களுக்கு பாத்தியம் எதுவும் இல்லைன்னு எழுதி வாங்கியிருக்காங்க. எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு பத்திரம் இருக்கும். அதுல மூணு பேரோட முழுப்பேரும், புருஷன் பேரும், வாக்கப்பட்டுப் போன ஊரும், வயசும் இருக்கு, ரெண்டு பேரு கைநாட்டு, கடைசி அத்தை மட்டும் கையெழுத்து. மூத்த அத்தையோட பெருவிரல் ரேகை இன்னும் மசி மங்காம இருக்கு, விரலை அழுத்தி கொஞ்சம் இழுத்துட்டாங்க போல, ஒரு ஓரத்துல வால் மாதிரி கோடு இழுத்திருக்கு. நான் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவங்க இருந்ததுக்கு எங்க வீட்டுல இருக்கிற ஒரே அத்தாட்சி, அவங்க பங்கை விட்டுக்கொடுத்த காயிதம்.

சரி, பத்திரத்துல இருக்கிற பேரு சரியான்னு பாக்கணும்ல, அதுக்கு எங்க சேகரத்துல, அதாவது பல ஊர்ச் சபை சேர்ந்த வட்டத்துல, பெரிய கோயிலுக்குப் போனேன். ஐயர், அதாவது சபைக் குருவானவர், ரொம்ப நல்ல மனுஷர், இளவயசு, பீரோவைத் திறந்து விட்டு "அம்மா, நீங்களே பாருங்க, இதை எல்லாம் தொடவே பயமா இருக்கு"ன்னாரு. மத்தியானம் வரைக்கும் தேடி 1917-ம் வருஷத்து ஞானஸ்நானப் பதிவேட்டுல கண்டுபிடிச்சேன். பிறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த தேதி, பிள்ளை பேரு, தகப்பன் பேரு, தாய் பேரு, குடியிருக்கும் ஊர், தகப்பன் தொழில், ஞானப்பெற்றோர் யார் யாரு, கடைசியில குருவானவர் கையெழுத்து. தொழில்ங்கிற கட்டத்துல "பனைத்தொழில்". பிள்ளை பேரு பத்திரத்துல இருந்த அதே பேரு.

அதுக்குப் பக்கத்து பீரோவுல கல்யாணப் பதிவேடு. தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் 1913-ல கல்யாணம், ஆச்சிக்கு வயசு 15ன்னு போட்டிருக்கு. படிச்சதும் மனசு பதறிடுச்சு, ஆனா அந்தக் காலத்து சட்டமே அப்படித்தான் இருந்திருக்கு, 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துல முதல்ல ஆணுக்கு 16, பொண்ணுக்கு 13 தாண்டியிருந்தா போதும்னு இருந்தது, பின்னாலதான் 21ம் 18ம் ஆச்சு. அந்தப் பதிவுல ஆச்சியோட மாமியார் பேரும் இருந்தது, அதாவது எங்க பூட்டி. அது எந்தப் பேருன்னு நினைக்கிறீங்க? மூத்த அத்தைக்கு வச்ச அதே பேரு. அப்பதான் எனக்கு விளங்கிச்சு ஏன் அத்தையை வீட்டுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடலைன்னு. எங்க பக்கம் மூத்த பையனுக்கு அப்பாவைப் பெத்தவர் பேரு, மூத்த பொண்ணுக்கு அப்பாவைப் பெத்தவ பேரு வைப்பாங்க, பேரன்ங்கிற சொல்லே அப்படி வந்ததுதான். ஆனா மருமக மாமியார் பேரை வாயால சொல்லக்கூடாது. அப்ப அந்தப் பேரு வச்ச சொந்தப் பிள்ளையையும் கூப்பிட முடியாது. அதனால ராசாத்தி, துரை, தங்கம்னு எதாவது ஒரு செல்லப்பேரு ஒட்டிக்கிடும். ஆச்சி வாய்விட்டு ஒரு தடவை கூட தன் மூத்த மகளை ஞானஸ்நானப் பேரைச் சொல்லி கூப்பிட்டிருக்க மாட்டாங்க. அந்தப் பேரை நான் இங்க எழுதல ஐயா, அது முதல்ல எங்க வீட்டு ஃபிளெக்ஸ்ல வரட்டும்.

இப்படி பேரு ஒண்ணு விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வர்றதுல ஒரு சிக்கல் இருக்கு, முதல் தடவை பாக்குறவங்க கட்டாயம் மாட்டிக்குவாங்க. தாத்தாவும் பேரனும் ஒரே பேரு, அவரு தம்பி வீட்டுப் பேரனுக்கும் அதே பேரு, தெருவுல நாலு ஞானமுத்து இருப்பாங்க, அப்பா பேரை இனிஷியலா போட்டாலும் அதுவும் ஒண்ணா இருக்கும். தாய் பேரு ஒண்ணுதான் அதைப் பிரிச்சுக் காட்டும். பொம்பளைங்க பேரை எழுதாம வம்சாவளி போட்டா ஆம்பளைங்க வரிசையே தப்பாப் போகும், எங்க ஃபிளெக்ஸ்ல அப்படி ஒரு பெரியப்பா வேற கிளையில போய் உக்காந்திருந்தாரு, பதிவேட்டுல அவங்க அம்மா பேரைப் பார்த்துதான் சரி பண்ணினோம். அதே மாதிரி ஒரே வீட்டுல ஒரே பேருல மூணு பிள்ளைங்க வந்தா எழுத்துப் பிழைன்னு நினைச்சுடாதீங்க. எங்க பூட்டிக்கு அப்படி இருந்தது, முதல் பிள்ளை இறந்ததும் அடுத்ததுக்கு அதே பேரு, அதுவும் இறந்ததும் மறுபடியும் அதே பேரு. அடக்கப் பதிவேட்டுல பார்த்தா ஒண்ணு அம்மை, ஒண்ணு பேதி. மூணாவதா பிழைச்சதுதான் எங்க தாத்தா. ரெண்டு தடவை புதைச்ச பேரை மூணாவது தடவை கூப்பிட அந்தப் பொம்பளைக்கு எவ்வளவு தைரியம் வேணும்.

நம்ம பக்கத்துல இந்தப் பதிவேடு எல்லாம் எவ்வளவு பழசுன்னு இளைஞர்கள் தெரிஞ்சுக்கணும். ஐரோப்பாவுலயே இங்கிலாந்துல 1538-ல தான் ஒவ்வொரு சபையும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் எழுதணும்னு உத்தரவு போட்டாங்க, கத்தோலிக்க சபையில ஆயர்மாரு கூடின திரெந்து சங்கம் ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் எழுதணும்னு 1563-ல சொல்லிச்சு. நம்ம முத்துக்குளித்துறையில மீனவ மக்கள் ஞானஸ்நானம் வாங்க ஆரம்பிச்சது 1530-கள்ல, சவேரியார் வந்தது 1542-ல, அதாவது அந்த மக்களோட கிறிஸ்தவம் அந்த உத்தரவை விட பழசு. எங்க சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை பக்கம் வந்தா, பாளையங்கோட்டையில இருந்த பிராமண விதவை கிளாரிந்தா அம்மாவுக்கு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1778-ல ஞானஸ்நானம் கொடுத்தாரு, 1780-ல பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டுல 40 பேரு இருந்தாங்க, பல சாதிக்காரங்க ஒரே பட்டியல்ல. திருநெல்வேலிச் சபையோட ஆரம்பமே ஒரு பேர்ப் பட்டியல்தான், அதுல முதல் இடத்துல நிக்கிறதும் ஒரு பொம்பளைதான். அப்புறம் 1799-ல முதலூர், 1820-ல ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது, 1841-ல கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தது, இப்படி ஒவ்வொரு ஊரா சபை எழும்ப எழும்ப உபதேசியார்மாரு கையில நோட்டும் போச்சு. ராஜாவுக்கும் ஜமீனுக்கும் கல்வெட்டும் செப்பேடும் இருக்கு. பனையேறுறவனுக்கும் களையெடுக்குறவளுக்கும் பேரு, பிறந்த நாள், அம்மா பேரு எல்லாம் எழுதி வச்சது இந்த நோட்டுதான்.

எங்க பூட்டனுக்கு முன்னாடி யாருன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது, ஃபிளெக்ஸ்லயும் அங்கதான் வேர். ஆனா பதிவேட்டுல இன்னும் ஒரு தலைமுறை கீழ போக முடிஞ்சது. தாது வருஷப் பஞ்சம்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, 1876-ல இருந்து 78 வரைக்கும் தென்னாடு முழுக்க அடிச்ச பஞ்சம், அந்த நேரத்துலயும் அதுக்கு அப்புறமும் நம்ம ஜில்லாவுல ஆயிரக்கணக்கான குடும்பங்க சபைக்குள்ள வந்தாங்க. 1878-ம் வருஷத்து நோட்டுல எங்க ஓட்டன் (பூட்டனோட அப்பா), ஓட்டி, நாலு பிள்ளைங்கன்னு ஒரே நாள்ல ஆறு பேரு வரிசையா எழுதியிருக்கு. பெரியவங்களுக்கு ஞானஸ்நானம்ங்கிறதால பழைய பேரு ஒரு கட்டத்துல, புதுப் பேரு ஒரு கட்டத்துல. ஓட்டனோட பழைய பேரு ஒரு சாமி பேரு, பக்கத்து ஊர்ல அந்தக் கோயில் இன்னும் இருக்கு, அங்க கொடை நடத்துற குடும்பத்துல இன்னும் அந்தப் பேரு வச்சுக்கிட்டு வர்றாங்க. நாங்க ரெண்டு வீடும் பங்காளிகளா இருக்கலாம், இன்னும் கேட்டுப் பாக்கணும், அவசரப்பட்டு எதையும் எழுதிட மாட்டேன்.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். எங்க பையங்கள்ல ஒருத்தன் நம்ம குடும்பம் பாண்டிய ராஜா பரம்பரைன்னு போடலாம் அத்தேன்னு சொன்னான், யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்க. நான் முடியாதுன்னுட்டேன். 1878 நோட்டுல தொழில் கட்டத்துல கூலின்னு இருக்கு, 1917-ல பனைத்தொழில்னு இருக்கு, தாத்தா காலத்துலதான் சொந்த நிலம். ஒரு பஞ்சத்துல பிழைச்சு, நாப்பது அம்பது பனை ஏறி இறங்கி, கருப்பட்டி காய்ச்சி வித்து நிலம் வாங்கின ஜனங்க. அதை மறைச்சுட்டு கிரீடம் வச்சா அவங்க பட்ட பாட்டை நாமளே அழிக்கிற மாதிரி. வெள்ளாளன்விளையில ஒரு கிராமத்து குருவானவர் வீட்டுல 1874-ல பிறந்த அசரியா ஐயா 1912-ல இந்தியாவுல முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனாரு, அதுக்கு யாரும் ராஜ பரம்பரை தேடலை.

பழைய பத்திரம் வச்சு தேடுறவங்களுக்கு ஒரு குறிப்பு, எனக்கு இது தெரியாம மூணு நாள் வீணாப் போச்சு. நம்ம பக்கத்துப் பழைய பத்திரங்கள்ல கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷம், போட்டிருக்கும். ஆவணியில இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும்னா அதோட 824-ஐ கூட்டணும், ஜனவரியில இருந்து ஆடி வரைக்கும்னா 825. கொல்லம் 1052 மாசின்னா 1877. சில இடத்துல வருஷமே தமிழ் எண்ணுலயும் இருக்கும், ௧, ௨ன்னு, அது தெரியாதவங்க எழுத்துன்னு நினைச்சு படிக்க முயற்சி பண்ணுவாங்க. பட்டாவும் வில்லங்கமும் நிலம் யாருக்கு போச்சுன்னு மட்டும்தான் சொல்லும், குடும்பத்தைச் சொல்லாது, விடுதலைப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும்தான் சொல்லும். அப்புறம் வீட்டு வேதாகமம். அட்டைக்கும் ஆதியாகமத்துக்கும் நடுவுல இருக்கிற வெத்துப் பக்கத்தை முதல்ல பாருங்க. எங்க தாத்தா பென்சில்ல ஒவ்வொரு பிள்ளை பிறந்த நேரமும் எழுதியிருக்காரு, "இரவு கோழி கூப்பிட்டபின்", "பதநீர் இறக்குகையில்"னு, மணி எல்லாம் இல்ல. புது வேதாகமம் வாங்கினதும் பழசை கோயில்ல கொண்டு போட்டுடுறாங்க, தயவு பண்ணி அந்தப் பக்கத்தை ஒரு போட்டோவாவது எடுத்துட்டுப் போடுங்க.

இனி நான் உங்க பத்திரிகை மூலமா கேக்க வந்தது. நான் பார்த்த அந்த பீரோவுல நிலைமை மோசம் ஐயா. 2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுது, தாமிரபரணி கரை ஊரெல்லாம் முங்கிச்சு. அன்னைக்கு பீரோ கீழ்த்தட்டு வரைக்கும் தண்ணி நின்னிருக்கு. 1890-கள்ல உள்ள அடக்கப் பதிவேடு நனைஞ்சு காய்ஞ்சு செங்கல் மாதிரி ஒரே கட்டியா இருக்கு, பக்கம் பிரிக்க முடியல, பிரிச்சா பொடியா உதிருது. எங்க ஓட்டனும் ஓட்டியும் எப்ப இறந்தாங்க, எங்க புதைச்சாங்கன்னு அதுக்குள்ளதான் இருக்கணும். வேற ஒரு வால்யூம்ல கரையான் ஒரு பக்க ஓரத்துல நுழைஞ்சு மறுபக்கம் போயிருக்கு, சரியா தாய் பேரு எழுதுற கட்டம் வழியா. இன்னொரு புத்தகத்துக்கு யாரோ நல்ல எண்ணத்துல செல்லோ டேப் ஒட்டியிருக்காங்க, அந்த இடம் எல்லாம் பழுப்பாகி எழுத்தோட உரிஞ்சு வருது. கல்யாணத்துக்காவது சட்டப்படி நகல் அரசாங்கத்துக்கு போகணும்னு இருக்கு, கேட்டு எழுதிப் போட்டா கிடைக்க வழி உண்டு. ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் இந்த ஒரே புக்குதான் கதி. அரசாங்கத்துப் பிறப்புப் பதிவு இப்ப உள்ள மாதிரி நாடு முழுக்க கட்டாயம் ஆனது 1969 சட்டத்துக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னால கிராமத்துல வீட்டுல பிறந்த நிறைய பேருக்கு கோயில் நோட்டை விட்டா வேற எழுத்து கிடையாது.

தென்னிந்தியத் திருச்சபைங்கிற சிஎஸ்ஐ சபை 1947-ல உருவாச்சு, அதுக்கு முன்ன எஸ்பிஜி, சிஎம்எஸ்னு ரெண்டு இங்கிலாந்து மிஷனோட ஊர்கள், அப்புறம் 2003-ல திருநெல்வேலியில இருந்து தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் (ஒரு பேராயருக்கு உட்பட்ட எல்லை) தனியா பிரிஞ்சது, சேகரங்களும் பிரிஞ்சுக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு தடவை பிரியும்போதும் நோட்டு ஒரு இடத்துல, ஊரு ஒரு இடத்துல. மிஷனரிமாரு எழுதின கடிதமும் ரிப்போர்ட்டும் இங்கிலாந்துலயும் ஜெர்மனியிலயும் பத்திரமா இருக்கு, எஸ்பிஜி காயிதம் ஆக்ஸ்ஃபோர்டுல, சிஎம்எஸ் காயிதம் பர்மிங்ஹாம்ல, தரங்கம்பாடி மிஷன் காயிதம் ஜெர்மனியில ஹாலேவுல, குளிரூட்டின அறையில அட்டைப்பெட்டி போட்டு வச்சிருக்காங்க. ஞானஸ்நானம் கொடுத்தவங்க எழுதினது அங்க பத்திரமா இருக்கு, வாங்கினவங்க பேரு இங்க தண்ணியில கிடக்கு. எனக்கு இதுதான் தாங்க முடியல.

பெரிய செலவு எதுவும் கேக்கல. ஒவ்வொரு சேகரத்துலயும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க நாலு பேரு, ஒரு நல்ல கேமரா உள்ள போன், ஜன்னல் வெளிச்சம், ஒரு மேஜை, இவ்வளவு போதும். ஃபிளாஷ் போடாம, ஒரு பக்கத்துக்கு ஒரு படம், புக்கோட அட்டையையும் வருஷத்தையும் முதல்ல ஒரு படம். லேமினேஷன் பண்ணக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது, ஒட்டிக்கிட்ட பக்கத்தை கத்தி வச்சு பிரிக்கக் கூடாது, அதுக்கு தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பீரோவை தரையில இருந்து ரெண்டடி தூக்கி சுவத்தை விட்டுத் தள்ளி வைக்கணும். படத்தை ஒரு காப்பி கோயில்ல, ஒரு காப்பி திருமண்டல ஆபீசுல, ஒரு காப்பி வேற ஊர்ல. ஆனா எல்லாத்தையும் அப்படியே நெட்ல ஏத்திடக் கூடாதுன்னும் சொல்லுதேன். உயிரோட இருக்கிறவங்க விவரம் அதுல இருக்கும், தகப்பன் பேரு கட்டம் காலியா இருக்கிற பிள்ளைங்களும் இருக்கும், அந்தத் தாய்மாரோட மானம் ஊர் வேடிக்கை ஆகிடக் கூடாது, ஐயரும் சபைக் கமிட்டியும் உக்காந்து இத்தனை வருஷத்துக்கு முந்தினது மட்டும்னு ஒரு வரம்பு போடணும்.

வம்சாவளி அடிக்கிற பிள்ளைங்களே, உங்க ஆர்வத்தை நான் குறை சொல்லலப்பா. பூட்டன் பேருக்குப் பக்கத்துல பூட்டி பேரைப் போடுங்க, மகளைப் போடுங்க, அவ வாக்கப்பட்ட ஊரைப் போடுங்க, பிறந்து ஒரு மாசத்துல செத்த பிள்ளையையும் போடுங்க. ஃபிளெக்ஸ்ல இடம் பத்தலைன்னா இன்னும் ரெண்டடி கூட அடிங்க. பொண்ணு வழியில போனாதான் சொந்தம் எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு தெரியும், எங்க மூத்த அத்தை வாக்கப்பட்ட ஊரை பத்திரத்துல பார்த்துட்டு போன வாரம் அங்க போனோம், அவங்க பேத்தி ஒருத்தி இருக்கா, 50 வயசு, வாழைத் தோட்டம் வச்சிருக்கா. நாங்க யாருன்னு சொன்னதும் உள்ள போய் ஒரு பழைய பித்தளைச் செம்பைக் கொண்டாந்து காட்டினா, எங்க தாத்தா பேரு வெட்டியிருக்கு, அத்தைக்கு சீரா கொடுத்தது. 91 வயசு அத்தை அந்தச் செம்பை மடியில வச்சுக்கிட்டு திரும்பி வர்ற வரைக்கும் குடுக்கவே இல்ல, அப்புறம் அந்தப் பொண்ணே "நீங்களே வச்சுக்கிடுங்க ஆச்சி"ன்னு சொல்லிட்டா.

கடைசியா ஒரு உதவி. 1878-ல ஞானஸ்நானம் வாங்கின அந்த நாலு பிள்ளைங்கள்ல ரெண்டாவது பையன், எங்க பூட்டனோட தம்பி, அவரு பேருக்கு நேரா சபை அங்கத்தினர் நோட்டுல வேற மசியில "கண்டிச்சீமைக்குப் போனான்"னு, அதாவது இலங்கை மலைத் தோட்டத்துக்குப் போனான்னு, ஒரு வரி இருக்கு. அதுக்கு அப்புறம் எந்த நோட்டுலயும் அவரு இல்ல, கல்யாணமும் இல்ல, அடக்கமும் இல்ல. காப்பித் தோட்டம் நோய் வந்து அழிஞ்சு தேயிலை போட்டுக்கிட்டு இருந்த காலம் அது. அவரு பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க நுவரெலியா, ஹட்டன் பக்கம் இருக்கலாம், இல்லைன்னா 1964-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் திரும்பி வந்து கோத்தகிரி, கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கலாம். எங்க பூர்வீகம் தேரிக்காட்டு ஓரம், பஞ்சத்துல வேதத்துக்கு வந்த குடும்பம், ஒரு அண்ணன், ரெண்டு தங்கச்சின்னு யார் வீட்டுப் பெரியவங்களாவது சொல்லிக் கேட்டிருந்தா, வீட்டு வேதாகமத்து முதல் பக்கத்துல அப்படி எதாவது எழுதியிருந்தா, உங்க பத்திரிகை ஆபீஸ் மூலமா எனக்குத் தெரியப்படுத்தச் சொல்லுங்க ஐயா. என் விலாசத்தை தனிக் காயிதத்துல இதோட வச்சிருக்கேன், அதை மட்டும் பேப்பர்ல போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்